நாற்பத்தோராம் நம்பர் ரத்தம்

சுப்பண்ணன் அந்தத் தப்பைச் செய்தபோது மணி காலை ஆறு பத்து.

தப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. கூடவே ஒரு தேங்காய் பன். சிங்காநல்லூர் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ரோட்டில் போகிறவர்களுக்கு முதுகு மட்டும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு நாலே கடியில் பன்னை முடித்தார். வாயைத் துடைத்தார். சந்தேகம் வந்து மீசையையும் துடைத்தார். நல்ல பிள்ளையாக வீடு திரும்பினார்.

கேட்டில் மாரியாத்தாள் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, வாயில பச்சத்தண்ணிகூடப் படலைங்களே?"

"படலை."

"சத்தியமா?"

"ஒரு மனுசனை எத்தனை தடவை சத்தியம் பண்ணச் சொல்லுவே? படலைன்னாப் படலை."

அறுபத்தொரு வயதில், முப்பத்தாறு வருஷத்துக் குடித்தனத்தில், சுப்பண்ணன் மனைவியிடம் சொன்ன பொய்களை எண்ணிவிடலாம். எல்லாமே தின்கிற பொருள் சம்பந்தப்பட்டவை.

இன்றைய பொய் மட்டும் கொஞ்சம் கனமானது. ஏனென்றால் இன்று நவம்பர் பத்தொன்பது. ஆண்கள் தினம். காலனியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 'ஆம்பளை நோம்பி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மார்ச் மாதம் மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி நடத்துகிற அதே பெண்கள் குழுதான் இதையும் நடத்துகிறது. காலனி மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை, பிரஷர், கண், பல். அது முடிந்ததும் டிபன். செயலாளர் மாரியாத்தாள்.

யோசனையும் அவளுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய தம்பி தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. அவன் கையில் ஒரு தடவையாவது பிரஷர் பட்டை சுற்றினார்களா என்று டாக்டர் கேட்டபோது வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் மாரியாத்தாள் இந்த மாதம் முழுக்க வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அறுபத்து மூன்று ஆண்களைப் பேர் கொடுக்க வைத்தாள். அவளிடம் மசியாத ஆள் ஒரே ஒருவர்தான்.

பாலுசாமி.

*

பாலுசாமி சுப்பண்ணனின் கூட்டாளி. இருவரும் ஒரே ஸ்பின்னிங் மில்லில், ஒரே ஷிப்டில் முப்பது வருஷம் இருந்தவர்கள். மில் கேட்டில் நேரம் குத்துகிற மிஷின் ஒன்று உண்டு. அட்டையை உள்ளே விட்டால் டக்கென்று மணி பதியும். சுப்பண்ணன் தாமதமானால் அவர் அட்டையைப் பாலுசாமி குத்துவார். பாலுசாமி தாமதமானால் சுப்பண்ணன். ஒருத்தன் வந்தாலே இரண்டு பேரும் வந்த கணக்கு. மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்.

பாலுசாமியின் மனைவி போய் நாலு வருஷமாகிறது. மகள் தேஜஸ்ரீ ஓசூரில். இரண்டு தெரு தள்ளி ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, விடிகாலையில் குளக்கரையைச் சுற்றி நடந்துகொண்டு காலம் போகிறது. ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தார்.

"பாலண்ணனைப் பாருங்க, எப்படி நூலாட்டம் இருக்கறாருன்னு," என்று மாரியாத்தாள் அவரைக் காட்டியே புருஷனைக் கரித்துக் கொட்டுவாள். "நீங்களும் நடக்கறீங்களே, பேக்கரி வரைக்கும்."

அந்த நூல்தான் இப்போது மண்டபத்து வாசலில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்றிருந்தது. பரிசோதனைக்கு இல்லை. டிபனுக்கும் இல்லையாம். சும்மா வேடிக்கை பார்க்க.

"பேர் குடுங்கண்ணா," என்றாள் மாரியாத்தாள் கடைசி முயற்சியாக.

"எனக்கென்ன அம்மணி கேடு? கல்லாட்டம் இருக்கறேன். அப்படியே ஒண்ணு இருந்தாலும் அந்தச் சீட்டைக் கொண்டுபோய் நான் யார்கிட்டக் காட்டறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாரியாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதற்குள் மைக்கில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

சுப்பண்ணன் கையில் டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று. அவருக்கு முன்னால் நாலே பேர். போன வருஷமே அவருக்குச் சர்க்கரை 'பார்டர்' என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் கருப்பட்டிகூடக் கண்ணில் படுவதில்லை. இப்போது வயிற்றில் டீயும் பன்னும் உட்கார்ந்திருக்க, வெறும் வயிற்று ரத்தம் என்று நீட்டினால் நம்பர் எங்கே போய் நிற்கும்? சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லலாம். மாரியாத்தாள் மைக்கைக் கையில் வைத்திருக்கிறாள். 'என்ற ஊட்டுக்காரர் நேத்து ராத்திரி எட்டு மணியில இருந்து பட்டினிங்க, எல்லாரும் அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க' என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அறுபது பேருக்கு அறிவித்திருந்தாள்.

சுப்பண்ணன் பாலுசாமியின் சட்டையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்தார்.

"மச்சா, நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"இல்லியே. ஒரு வாரமாக் காலைல ஒண்ணும் எறங்கறதில்ல. ஏன்?"

"நான் ஒரு டீ குடிச்சுப்போட்டேன்."

பாலுசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை மீசையில் ஒரு வினாடி நின்றது.

"டீ மட்டும்தானா?"

"டீ மட்டும்தான்."

"சரி, அட்டையைக் குடு."

"அட்டை இல்லடா, டோக்கன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ளே. முப்பது வருசம் உனக்குக் குத்தியாச்சு. இன்னிக்கு அவங்க என்னையக் குத்தட்டும்."

ரத்தம் எடுக்கிற பெண்ணின் பேர் கீதா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். காலனியில் யார் முகமும் அவளுக்குத் தெரியாது. மாரியாத்தாள் அந்நேரம் டிபன் அடுப்புப் பக்கம் போயிருந்தாள். "சுப்பண்ணன்ங்களா?" என்றாள். "ஆமாங்க" என்று பாலுசாமி கையை நீட்டினார். ஊசி ஏறி இறங்கியது. சிறுநீருக்கு டப்பா கொடுத்தாள். மற்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு நடை போட்டுக்கொண்டிருக்க, பாலுசாமி போன வேகத்தில் டப்பாவை நிறைத்துக்கொண்டு திரும்பினார்.

"பரவால்லியே, வெசையா வந்துட்டீங்க," என்றாள் கீதா.

"அதுக்கென்னங்க, எந்நேரமும் ரெடிதான்," என்றார் பாலுசாமி.

தூணுக்குப் பின்னால் சுப்பண்ணன் வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து மத்தியானம் வெட்கப்படப் போகிறார் என்று அவருக்கு அப்போது தெரியாது.

*

பரிசோதனை முடிந்ததும் ஆண்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாதஸ்வரம் செல்போனிலிருந்து வந்தது. காலனிப் பெண்கள் தட்டுத் தட்டாக ஏந்திக்கொண்டு ஊர்வலமாக உள்ளே வந்தார்கள். தட்டில் வெற்றிலை, கொய்யாப்பழம், ஒரு துண்டு.

"இத்தனை வருசமா அண்ணன் தம்பிக எங்களுக்குச் சீர் கொண்டு வந்தீங்க," என்றாள் மாரியாத்தாள் மைக்கில். "இன்னிக்கு நாங்க கொண்டு வாரோம். வாங்கிக்கோங்க. வருசா வருசம் வாங்கிக்கறதுக்கு இருங்க."

ஆண்களுக்குக் கை கால் வைக்க இடம் தெரியவில்லை. சபையில் சீர் கொடுத்துப் பழக்கம். வாங்கிப் பழக்கமில்லை. ஆட்டோ ஓட்டுகிற தல்ஹா மட்டும் சமாளித்து, "இவ்வளவுதானா? வண்டி கிண்டி ஒண்ணும் இல்லீங்களாக்கா?" என்று கேட்க, மண்டபம் சிரித்தது.

பாலுசாமி கடைசி நாற்காலியில், பேர் கொடுக்காதவன் என்கிற கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். மாரியாத்தாள் நேராக அவரிடம் போய், தட்டை மடியில் வைத்து, பச்சைக் கரைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

பாலுசாமி கொய்யாப்பழத்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

"தங்கச்சி, நான் இன்னிக்கு மத்தியானம் கோபி போறேன். என்ற கூடப்பொறந்தவ ரங்கம்மாவோட புது ஊட்டுல நாளைக்குப் பால் காய்ச்சறாங்க. குத்துவிளக்கு வாங்கி வெச்சிருக்கேன். இந்தத் துண்டைப் போட்டுட்டே போகட்டுமா?"

"அதுக்குத்தானுங்கண்ணா குடுத்தது."

*

மத்தியானம் பன்னிரண்டு இருபது.

சுப்பண்ணன் அரிசிம்பருப்புச் சாதத்தில் இரண்டாம் தடவை நெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது மாரியாத்தாளின் செல்போன் அடித்தது.

"ஆமாங்க... ஆமாங்க, சுப்பண்ணன் ஊடுதான்... என்ற ஊட்டுக்காரர்தானுங்க."

அதன் பிறகு அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். இன்னொரு கை சுவரைத் தேடிப் பிடித்தது.

போனை வைத்துவிட்டு வந்து, புருஷன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கீதாங்கற பொண்ணு பேசுச்சு. உங்களுக்குச் சர்க்கரை ஐநூத்தி முப்பத்தெட்டாம்."

சுப்பண்ணன் கையில் உருண்டை அப்படியே நின்றது.

"மிசின் கோளாறோன்னு ரெண்டு தடவை பார்த்தாங்களாம். ஒண்ணுக்குலயும் என்னமோ கலந்திருக்குதாம். ஒடம்பு உள்ளயே விஷமாகிட்டு இருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். நேரம் கடத்தாம இப்பவே கூட்டிட்டு வரோணுமாம். தனியா எங்கயும் அனுப்பக் கூடாதாம்." அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வாந்தி வருதுங்களா? மயக்கமா இருக்குதுங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

சுப்பண்ணனுக்கு மயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு மயக்கம்.

ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ. கையை விட்டு இறங்காத தண்ணீர் பாட்டில். காலையில் ஒன்றும் இறங்கறதில்லை. எந்நேரமும் ரெடி. போன மாதம் புதுச் செருப்பு கடித்த குதிகால் புண் இன்னும் ஆறவில்லை என்று டீக்கடையில் காட்டினானே. எல்லாமே தினமும் கண்ணெதிரில் நடந்தது. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாரியாத்தாள் எழுந்து பீரோவைத் திறந்து காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து இரண்டு தடவை கீழே விழுந்தது. தம்பி போன அன்றும் இப்படித்தான் இருந்தாள்.

ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் சுப்பண்ணனுக்குள் ஒரு குரல் சொன்னது: பேசாமல் இவளோடு ஆஸ்பத்திரிக்குப் போ. மறுபடி ரத்தம் எடுப்பார்கள். சரியாக இருக்கும். மிஷின் கோளாறு என்று முடிந்துவிடும். பாலுவிடம் பிறகு போனில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் மிச்சம்.

பிறகு எப்போது? அவன் கோபி பஸ்ஸில் ஏறிய பிறகா?

"மாரியாத்தா, அட்டையைத் தேடாதே," என்றார். "அது என்ற ரத்தமில்ல."

அவள் திரும்பினாள்.

"நான் காலைல டீ குடிச்சுப்போட்டேன். உனக்குத் தெரிஞ்சா வைவீன்னு பாலுவைக் குடுக்க வெச்சேன். அந்த ஐநூத்தி முப்பத்தெட்டு அவனோடது."

வைவாள் என்று எதிர்பார்த்தார். தட்டு பறக்கும் என்றுகூட எதிர்பார்த்தார். மாரியாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். நிம்மதியா கோபமா என்று தெரியாத ஒரு மூச்சு. அது பாதியில் நின்றது.

"பாலண்ணன் பஸ் எத்தனை மணிக்குங்க?"

"ஒரு மணிக்குன்னான்."

"கையைக் கழுவுங்க. மத்ததைப் பொறவு பேசிக்கலாம்."

*

பாலுசாமியின் நம்பர் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

தல்ஹாவின் ஆட்டோ அவர் வீட்டு வாசலில் நின்றபோது காரணம் தெரிந்தது. கதவில் பூட்டு. உள்ளே ஜன்னலோரம் சார்ஜரில் மாட்டியபடி செல்போன் பாடிக்கொண்டிருந்தது.

"டவுன் பஸ்ல ஏறினதை நான் பார்த்தேண்ணா," என்றார் தல்ஹா. "பன்னண்டு மணி இருக்கும். விளக்கைக் கொழந்தையாட்டம் மடியில வெச்சுட்டுப் போனாரு."

"காந்திபுரம் எவ்வளவு நேரத்துல போவே?"

"ஞாயித்துக்கிழமை. அவினாசி ரோட்டுல மேம்பால வேலை எங்கயும் மறிக்கலைன்னா இருபத்தஞ்சு நிமிசம்."

மணி பன்னிரண்டு முப்பத்தேழு.

வழியெல்லாம் மாரியாத்தாள் ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது சுப்பண்ணன் தன் தொடையில் தானே குத்திக்கொண்டார். அந்தச் சிக்னலில் நூற்றியிருபது வினாடி. அத்தனையையும் எண்ணினார்.

ஒரு மணி நாலு நிமிஷத்துக்குக் காந்திபுரம்.

கோபி பஸ் இன்னும் நின்றிருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சுப்பண்ணன் படியில் ஏறி உள்ளே பார்த்தார். சீட்டெல்லாம் ஆட்கள். பச்சைக் கரைத் துண்டு எங்கும் இல்லை. பாலுசாமி இல்லை.

ஆனால் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் ஒரு பை மட்டும் உட்கார்ந்திருந்தது. பைக்குள்ளிருந்து குத்துவிளக்கின் தலை எட்டிப் பார்த்தது.

"விளக்கு யாருதுங்க?" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். "எடம் போட்டுட்டுப் போனவரு பத்து நிமிசமாக் காணோம். வண்டியெடுக்கப் போறேன்."

மாரியாத்தாளின் முகம் வெளுத்தது. "இந்தக் கூட்டத்துல எங்கீங்க தேடறது?"

சுப்பண்ணன் யோசித்தார். முப்பது வருஷம் ஒருத்தனோடு ஒரே ஷிப்டில் இருந்தவனுக்குத் தெரியாதா? பஸ் ஏறப்போகிற பாலு. இரண்டரை மணி நேரப் பயணம். கையில் பாட்டில்.

"கட்டணக் கழிப்பறை எங்கீங்க?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

பஸ்களுக்கு நடுவில் ஓடினார். அறுபத்தொரு வயதுக்கு அது ஓட்டம்தான். கழிப்பறைக்கு வெளியே சிமெண்ட் படிக்கட்டு. அதன் கடைசிப் படியில், சுவரில் தலை சாய்த்து, தோளில் பச்சைக் கரைத் துண்டோடு ஒரு நூல். பக்கத்தில் இரண்டு காலி பாட்டில்கள். ஒரு கால் செருப்பில்லாமல். குதிகாலில் கட்டு.

"மச்சா."

பாலுசாமி கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டார். வாயிலிருந்து அழுகின பழம் மாதிரி ஒரு வாடை வந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"நீ எங்கடா இங்க? பஸ்ஸு போயிருச்சா? ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். எந்திரிக்க முடியல மாப்ளே. சித்த நேரத்துல சரியாயிரும்."

"சரியாகாது. எந்திரி. உன்ற ரத்தம் என்னையக் காட்டிக் குடுத்துருச்சு."

"என்ன, உனக்குச் சர்க்கரையா?"

"எனக்கில்லடா, உனக்கு," என்று சொல்லும்போதே சுப்பண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், கழிப்பறை வாசலில், பட்டப்பகலில். துடைத்துக்கொள்ளவும் கை இல்லை. இரண்டு கையும் பாலுவைத் தாங்கியிருந்தன.

விளக்கையும் பையையும் இறக்கிவிட்டுத் தல்ஹா ஆட்டோவை நடைபாதை வரை கொண்டுவந்துவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் விசிலோடு வந்தவர், பாலுசாமியைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டு வழி விலக்கினார்.

*

மாலை ஐந்து மணி. ஆஸ்பத்திரி.

பாலுசாமியின் ஒரு கையில் உப்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் இன்சுலின். சர்க்கரை முந்நூறுக்கு இறங்கியிருந்தது. மூச்சு சமனாகியிருந்தது. கண்ணில் பழைய குறும்பு கால்வாசி வந்திருந்தது.

"இன்னிக்கு அந்த பஸ்ல போயிருந்தார்னா நடுவழியில நினைவு தப்பியிருக்கும்," என்றாள் டாக்டர் லோகப்பிரியா. சின்ன வயது, கண்டிப்பான முகம். "ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். கால் புண்ணையும் பார்க்கணும். நல்லா ஆயிடுவார். ஆனா இனிமே ஒழுங்கா ஊசி, ஒழுங்கா சாப்பாடு. வீட்டுல யார் பார்த்துக்கறாங்க?"

பாலுசாமி கூரையைப் பார்த்தார்.

நர்ஸ் நீட்டிய படிவத்தை மாரியாத்தாள் வாங்கிக்கொண்டாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் தன் பெயரையும் நம்பரையும் எழுதினாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'தங்கச்சி' என்று எழுதி, பேனாவை மூடினாள்.

"சீட்டை யார்கிட்டக் காட்டறதுன்னு கேட்டீங்களேண்ணா," என்றாள். "என்கிட்டக் காட்டுங்க. தேஜஸ்ரீகிட்டப் பேசியாச்சு, கிளம்பிட்டா. ரங்கம்மா அக்காகிட்டயும் பேசினேன். தாய்மாமன் விளக்கு இல்லாமப் பால் காய்ச்ச மாட்டாங்களாம். அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்க."

பாலுசாமி தோளைத் தடவினார். துண்டு அங்கே இல்லை. மாரியாத்தாள் அதை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீதா உள்ளே வந்தாள். கையில் ஊசி, புதுக் குப்பி. குப்பியில் ஒட்டிய சீட்டில் நாற்பத்தொன்று.

"நெஜமான நாப்பத்தொண்ணு யாருங்க?"

அறையில் மூன்று பேரும் ஒருவரையே பார்த்தார்கள். சுப்பண்ணன் முழுக்கைச் சட்டையை மெதுவாகச் சுருட்டினார்.

"கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டீங்க? எல்லாத்தையும் சொல்லோணும்," என்றாள் கீதா.

"மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம். முழுசாக்கூடச் சாப்பிடலை."

"அதுக்கு முன்னாடி?"

"மண்டபத்துல டிபன்."

"அதுக்கும் முன்னாடி?"

"காலைல ஒரு டீ."

"டீ மட்டுமா?"

சுப்பண்ணன் மாரியாத்தாளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்று ஒரு பொய் சொல்லி ஒரு மனிதனை முழுசாகத் தொலைக்கப் பார்த்தவருக்கு, இன்னொன்று சொல்லத் தெம்பில்லை.

"ஒரு தேங்காய் பன்னும்," என்றார்.

மாரியாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளா வேறெதையாவதா என்று கண்டுபிடிக்க சுப்பண்ணனுக்கு இன்னும் முப்பத்தாறு வருஷம் வேண்டும்.

ஊசி ஏறியது. சுப்பண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலிலிருந்து பாலுசாமியின் குரல் வந்தது, மெலிந்து, ஆனால் நல்ல தெளிவாக.

"முப்பது வருசம் உனக்கு அட்டை குத்தினேன். காலைல ரத்தமும் குடுத்தேன். அந்தப் பன்னுல பாதியை எனக்கு எடுத்து வெக்கோணும்னு தோணுச்சாடா உனக்கு?"